ஏழுமலை ஒப்புக்கொள்ளவில்லை

செவ்வாய்க்கிழமை காலை லஸ் முனையில் பேருந்துக்கு நின்றிருந்தபோது பேஜர் அதிர்ந்தது. ஏழுமலை மாரடைப்பில் இறந்துவிட்டான், மூன்று மணிக்கு எடுக்கிறார்கள், சைதாப்பேட்டை. அவ்வளவுதான் செய்தி. பாண்டி பஜார் மாடி அறையில் அவனோடு புரோகிராம் எழுதிய நம் ஐந்து பேரில் சென்னையில் மிஞ்சியிருப்பது நான் மட்டும். அமெரிக்காவிலிருந்து நீங்கள் நால்வரும் அனுப்பிய இரங்கல் மின்னஞ்சல்களைப் படித்தேன். ‘அருமையான புரோகிராமர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் வேலை எப்படிப் போனது என்று ஒருவரும் எழுதவில்லை.

ராயப்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு ரிப்போர்ட் அடிக்கும் சாஃப்ட்வேர் கேட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? எதில் எழுதுவது என்று நாம் வாய் வலிக்கப் பேசிக்கொண்டிருந்தோம். ஏழுமலையோ பேருந்து பிடித்துப் போய், அங்கே ரிப்போர்ட் அடிக்கும் பெண்ணின் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தான். எந்த வேலைக்கும் அவன் வழக்கம் அதுதான்.

“அந்தப் பொண்ணு ஒரு கைல சீட்ட புடிச்சிகினு இன்னொரு கைல டைப் அடிக்குது. மவுஸுக்கு மூணாவது கை எங்க கீது? மிசினும் அரதப்பழசு. டாஸ்லயே எழுதிக் குடுத்துடலாம் நைனா” என்றான்.

நமக்கு டாஸின் அந்தக் கறுப்புத் திரை கசந்தது. விண்டோஸில் கலர் கலராகப் பட்டன் வைத்து எழுத வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றோம். கூடத்துக்கு எது உதவும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பயோடேட்டாவில் எது எடுபடும் என்பதே நம் கவலை.

“நீங்க அந்தப் பொண்ணுக்கு எழுதல மச்சி. விசா ஆபீசருக்கு எழுதிகினு கீறீங்க” என்றான். சிரித்தோம். கூட்டக் குறிப்பை டைப் அடித்தவன் நான். ‘விண்டோஸில் எழுத அனைவரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டனர்’ என்று அடித்தேன். அவன் மறுத்ததைச் சேர்த்தால் நம் கம்பெனி முதலாளி முகம் சுளிப்பார் என்று விட்டுவிட்டேன்.

நாம் எழுதியதை இழுக்க முடியாமல் அந்தப் பழைய கம்ப்யூட்டர் திணறியது. ரிப்போர்ட்டுக்கு நின்ற வரிசை தெருவுக்கு வந்தது. இரண்டே வாரத்தில் அவர்கள் பழையபடி கையால் எழுதத் தொடங்கினார்கள். இடத்தைப் பார்த்து வந்தவனே ஒப்புக்கொண்டிருக்கிறானே என்று என் குறிப்பைக் காட்டி, முதலாளி ஏழுமலையை வேலையை விட்டு அனுப்பினார். நாம் ஐவரும் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தோம். எனக்கு அவர் கையெழுத்துப் போட்ட அனுபவச் சான்றிதழ் வேண்டியிருந்தது. சான்றிதழ் வந்தது, விசா வரவில்லை.

முதலாளி பரப்பிய பேச்சில் வேறு கம்பெனி எதுவும் அவனைச் சேர்க்கவில்லை. சைதாப்பேட்டை கோர்ட் பக்கம் மனு டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அந்த வழியாகப் போக நேர்ந்தால் நான் எதிர்ப்பக்கம் நடப்பேன். அவன் பார்த்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சாவுக்குப் போனபோது வீட்டு வாசலில் அவன் மனைவி என்னிடம் கேட்டார்: “கூட வேல பாத்தவரா சார்? அவரு அங்க இன்னா தப்பு பண்ணாரு? எத்தினி தபா கேட்டாலும் சொல்லமாட்டாரு.”

“அவன் ஒரு தப்பும் பண்ணலம்மா. வேண்டாம்னுதான் சொன்னான். நான்தான் மாத்தி எழுதிட்டேன்.”

அவர் அழவில்லை, திட்டவுமில்லை. “இத்த அவரு இருக்கசொல்ல வந்து சொல்லியிருக்கலாமே சார்” என்றார்.

அவன் நட்பையும் பேச்சையும் நினைவாக எடுத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. உங்களுக்கும் இல்லை. ஏழுமலையிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, அவன் வாசலில் அந்த அம்மாள் சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும்தான்.