காருக்கு டானிக் ஊற்றியவர்

என் வீட்டுக்காரர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். கடைக்கு வருபவர்களுக்கு அவர் முதலில் கொடுப்பது மருந்து அல்ல, திட்டு. தலைவலி மாத்திரை என்று யாராவது வாய் திறந்துவிட்டால் போச்சு. எத்தனை நாளாக வலிக்கிறது, கண்ணைக் காட்டினீர்களா, ரத்த அழுத்தம் பார்த்தீர்களா என்று கேள்வி மேல் கேள்வி. டானிக் கேட்டு வருபவர்கள் பாடு இன்னும் மோசம். "அதுல ஒண்ணும் இல்லைங்க, வெறும் சர்க்கரைத் தண்ணி. ஒழுங்கா சாப்பிட்டுத் தூங்குங்க" என்று வந்த வியாபாரத்தை அவரே வாசல்வரை கொண்டுபோய் வழியனுப்பி வைப்பார். தெருவில் அவருக்கு அரை டாக்டர் என்று பெயர். மிச்சம் அரை என்னவென்று எனக்குத்தான் தெரியும்.

இப்படி எல்லாவற்றையும் கரைத்துக் குடித்த மனிதர், தன் காருக்கு மட்டும் டானிக் ஊற்றிக்கொண்டிருந்தார்.

பெட்ரோல் பங்க்கில் மேசை போட்டு நின்ற ஒரு விற்பனைப் பெண் தொடங்கி வைத்த வினை அது. சின்ன பாட்டில், நீல நிறத் திரவம். பெட்ரோல் டேங்கில் ஊற்றினால் இன்ஜினுக்குள் படிந்த கசடெல்லாம் கரைந்து வண்டி புதுசு மாதிரி ஓடுமாம். லேபிளில் ஒரு இன்ஜின் படம். பாதி கறுப்பு, பாதி பளபளப்பு. எந்த மருந்துக் கம்பெனிக்காரன் வந்து எதைச் சொன்னாலும் "யாருக்குக் காது குத்துறீங்க?" என்று கேட்கிறவர், அந்தப் படத்தைப் பார்த்துக் கவிழ்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு பெட்ரோல் போடப் போவது ஒரு வைத்தியச் சடங்காகிவிட்டது. பாட்டிலை நன்றாகக் குலுக்குவார். பெட்ரோல் விழுவதற்கு முன்பே அதை ஊற்ற வேண்டும். "வெறும் வயித்துல கொடுத்தாதான் மருந்து பிடிக்கும்" என்பார், பின்னால் நிற்கும் வண்டிக்காரர்கள் ஹாரன் அடிப்பதைச் சட்டை செய்யாமல். கடைசிச் சொட்டு வரை இறங்க பாட்டிலின் அடியில் தட்டுவார். எங்கள் மகள் சின்ன வயதில் மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்த நாட்களில்கூட அவர் இவ்வளவு பொறுமையாக மருந்து கொடுத்ததில்லை.

வண்டியோ சொன்ன பேச்சு கேட்கவில்லை. சிக்னலில் நின்றால் குலுங்கியது. மேட்டில் ஏறும்போது திக்கியது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இன்ஜின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கி அணையவே இல்லை. மெக்கானிக்கிடம் காட்டலாம் என்றேன். "கோர்ஸ் முடியட்டும். பாதியில நிறுத்தினா குணமாகாது" என்றார். விளக்கு கண்ணை உறுத்துகிறது என்று ஒருநாள் கடையிலிருந்து பிளாஸ்திரி கொண்டுவந்து அதன்மேல் ஒட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், காயத்துக்கு ஒட்டுவோமே, அதே பிளாஸ்திரி.

இது வண்டியோடு நின்றிருந்தால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அந்த வருஷம் முழுக்க அவருக்கும் நெஞ்சு எரிந்துகொண்டிருந்தது. மாடி ஏறினால் பாதியில் நின்று சுவரில் மாட்டிய படங்களைப் பார்ப்பதுபோல் நடிப்பார். இத்தனை வருஷமாகத் திரும்பிக்கூடப் பார்க்காத படங்கள் அவை. கேட்டால் "கேஸ்" என்று ஒரே வார்த்தை. கல்லாவுக்குக் கீழே வெள்ளை மருந்து பாட்டில் ஒன்றை ஒளித்து வைத்து, வலி வரும்போதெல்லாம் ஒரு மூடி ஊற்றிக் குடித்துக்கொள்வார். டாக்டரிடம் போகலாம் என்று நான் சொல்லாத நாள் இல்லை. "எனக்குத் தெரியாததையா அவர் சொல்லப்போறார்?" என்று அவர் கேட்காத நாளும் இல்லை.

ஒரு சனிக்கிழமை நாற்சந்தி நடுவே வண்டி நின்றேவிட்டது. நான் ஸ்டியரிங்கைப் பிடிக்க, அவர் இறங்கித் தள்ளினார். ஓரம் சேர்ந்ததும் நடைபாதையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. முகம் வெளுத்து, சட்டை நனைந்து, கை நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் இல்ல. மருந்து ஊத்தியாச்சு, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார்.

"எது? வண்டியா, நீங்களா?"

"ரெண்டும்தான்."

எனக்கு வந்த கோபத்தில் அந்த நாற்சந்தியே எரிந்திருக்க வேண்டும். "சரி, பந்தயம். இப்பவே மெக்கானிக்கிட்ட போவோம். அந்த பாட்டில் பிரயோஜனம்னு அவர் சொல்லிட்டா, இனிமே உங்க நெஞ்சைப் பத்தி நான் வாயே திறக்கல. பிரயோஜனம் இல்லைன்னு சொன்னா, அங்கிருந்து நேரா டாக்டர்" என்றேன்.

அவர் முகத்தில் ரத்தம் ஊறியது. நான் வாய் திறக்காமல் இருப்பேன் என்று கல்யாணமான நாளிலிருந்து யாரும் அவருக்கு வாக்குக் கொடுத்ததில்லை.

சாவியை முறுக்கி முறுக்கி வண்டியைக் கிளப்பி ஒர்க்ஷாப்புக்குப் போய்ச் சேர்ந்தோம். மெக்கானிக் நல்ல மனிதர். ஒரே ஒரு குறை, கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வராது. பாட்டில் தேவையா இல்லையா என்று கேட்டேன். கிரீஸ் கையைத் துணியில் துடைத்தபடி பிரசங்கம் ஆரம்பித்தார்.

"அப்படிப் பொத்தாம்பொதுவா சொல்ல முடியாதுக்கா. இப்ப நல்ல பங்க்ல வர்ற பெட்ரோல்லயே சுத்தம் பண்ற சரக்கு கலந்துதான் வருது. ஒழுங்கா ஓடுற வண்டிக்கு அதுவே போதும். பழைய வண்டி, பக்கத்துத் தெருவுக்கே போயிட்டு வர்ற வண்டின்னா பெட்ரோலைப் பீச்சுற இன்ஜெக்டர்ல லேசா அடைப்பு விழும். அதுக்கு எப்பவாவது ஒண்ணு ஊத்தினா கொஞ்சம் உதவும். அதுவும் எல்லா பாட்டிலும் இல்ல, சிலது."

"கேட்டியா? உதவும்னு சொல்லிட்டாரு!" என்று என் வீட்டுக்காரர் துள்ளினார்.

பக்கத்தில் கிடந்த ஸ்பேனரை எடுத்து மெக்கானிக் மண்டையில் போடலாமா என்று இருந்தது. ஒரு மனிதனின் உயிர் ஊசலாடுகிற நேரத்திலா நடுநிலைமை? கொஞ்சம் பொய் சொன்னால்தான் என்ன குறைந்துவிடும்?

மெக்கானிக் அதற்குள் வண்டிக்குள் உட்கார்ந்துவிட்டார். பிளாஸ்திரியை நகத்தால் உரித்தார். எரிகிற விளக்கைப் பார்த்தார், பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். ஒரு கருவியைச் செருகிப் பார்த்து, இன்ஜினைத் திறந்து, கறுத்துப்போன ஒரு பாகத்தை வெளியே எடுத்தார்.

"தீப்பொறி கொடுக்கிற இக்னிஷன் காயில் போயிருக்கு சார். ஒரு சிலிண்டர்ல நெருப்பே வரல. எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போயி, அங்க புகையைச் சுத்தம் பண்ற கன்வெர்ட்டரையும் பொசுக்கிடுச்சு. இந்த லைட் எவ்வளவு நாளா எரியுது?"

"கொஞ்ச நாளா" என்றார் இவர்.

"ஒரு வருஷமா" என்றேன் நான்.

மெக்கானிக் தலையாட்டினார். "பாட்டில் எதையும் கெடுக்கல சார். ஊத்தியாச்சேன்னு நிம்மதியா இருந்தீங்க பாருங்க, அதுதான் கெடுத்துச்சு. அப்பவே கொண்டு வந்திருந்தா சின்ன வேலை."

என் வீட்டுக்காரர் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் காயிலை மாற்றினார். கன்வெர்ட்டரை வரவழைத்துத்தான் போட வேண்டும் என்றார். வண்டி குலுங்காமல் கிளம்பியது. நான்தான் ஓட்டினேன்.

பெரிய சாலை பிரியும் இடத்தில் வலது பக்கம் எங்கள் வீடு, இடது பக்கம் ஆஸ்பத்திரி. இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டேன். சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். சொல்ல வேண்டியதையெல்லாம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அவரோ சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. இந்த மனிதர் எதிர்த்துப் பேசவில்லை என்றால் வலி எவ்வளவு இருக்க வேண்டும்! ஆக்சிலரேட்டரை மிதித்தேன்.

நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்த டாக்டரம்மா பூசி மெழுகவில்லை. இதயத்துக்குப் போகும் பெரிய குழாயில் அடைப்பு, அதை நீக்க இப்போதே உள்ளே கொண்டுபோக வேண்டும் என்றார். கையெழுத்து வாங்கினார்கள். வாட்சையும் மோதிரத்தையும் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்ட்ரெச்சரோடு கூடவே நடந்தேன். கதவுக்கு முன்னால் அவர் என் விரலைப் பிடித்து இழுத்தார். ஏதோ கடைசியாகச் சொல்லப்போகிறார் என்று குனிந்தேன்.

"நியாயமாப் பாத்தா, உதவும்னுதான் அந்த மெக்கானிக் சொன்னாரு" என்றார். "பந்தயத்துல நான்தான் ஜெயிச்சேன்."

இந்த மனிதரிடம் நான் எந்த வாக்குவாதத்திலும் தோற்றதில்லை. தோற்கிற எண்ணமும் இருந்ததில்லை.

"ஆமாங்க, நீங்கதான் ஜெயிச்சீங்க" என்றேன். "எழுந்து வந்து இதையே தினமும் சொல்லிச் சொல்லி என் உயிரை வாங்குங்க."