காலையில் ஏறும் மூச்சு

எங்கள் தெருவில் என்னைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். ரொம்பத் தங்கமான மனுஷர், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார் என்பார்கள். காய்கறிக்காரர் முதல் பூஜைக் கமிட்டிச் செயலாளர் வரை எல்லோரும் இதைச் சொல்வார்கள். நான் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று கொல்கத்தாவில் லேக் கார்டன்ஸில் குடியிருப்பவன். வங்காளி சுத்தமாகப் பேசுவேன். அந்த மொழியில் எனக்குக் கோபமே வராது. கோபமெல்லாம் தமிழில்தான், அதுவும் என் மனைவியிடம் மட்டும்தான்.

கொல்கத்தாத் தமிழர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவரின் தொப்பையைப் பற்றி அவர் காதுபடவே தமிழில் பேசலாம். கடைக்காரர் முன்னால் நின்றுகொண்டே, இவன் கொள்ளையடிக்கிறான், கிளம்பு என்று சொல்லலாம். எந்தக் குடும்பமும் இதற்கு விதிவிலக்கில்லை. நான் அந்தச் சௌகரியத்தைக் கொஞ்சம் அதிகமாகவே அனுபவித்தவன். வேலைக்காரி இருந்தாலும் விருந்தாளி இருந்தாலும் முகத்தில் சிரிப்பு மாறாமல் மனைவியைத் திட்டுவேன். பார்க்கிறவர்களுக்கு ஏதோ கொஞ்சுவதுபோல் இருக்கும். அவளும் பதிலுக்குச் சிரித்து வைப்பாள். தமிழ் தெரிந்தவர்கள் யாராவது வந்துவிட்டால் மட்டும் என் வாய் தானாக மூடிக்கொள்ளும். கோபத்தை அடக்கத் தெரியாதவன் என்று சொல்லி நான் தப்பிக்க முடியாது. எனக்கு நன்றாகவே அடக்கத் தெரிந்திருந்தது.

நுரையீரல் இறுகிக்கொண்டே வரும் வியாதி எனக்கு. ஆக்ஸிஜன் பார்க்க விரலில் கிளிப் மாட்டினால் பிடுங்கி எறிந்துவிடுவேன் என்பதால், புனேவில் இருக்கும் மகள் ஒரு கேமராவுக்கு ஏற்பாடு செய்தாள். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினார்கள். உடம்பில் எதுவும் தொடாமல், மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தே மூச்சை எண்ணிவிடுமாம். ஊரின் இன்னொரு கோடியில், சால்ட் லேக்கில் ஓர் அறையில் உட்கார்ந்து யாரோ அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மாட்ட வந்தவர், இதில் மைக்கும் இருக்கிறது, பேசினால் அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் பேசினால் உங்களுக்குக் கேட்கும் என்று வங்காளியில் பொறுமையாக விளக்கினார். நானும் தலையாட்டினேன். கேட்கட்டுமே, சால்ட் லேக்கில் யாருக்குத் தமிழ் தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாலைந்து வாரம் கழித்து டாக்டர் போன் செய்தார். நல்ல மனிதர், என்னை எப்போதும் ஜென்டில்மேன் என்றுதான் கூப்பிடுவார். உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு மூச்சு ஏறுகிறது, அதுவும் பெரும்பாலும் காலை வேளையில், என்றார். வியாதி முற்றுகிறதோ என்று அவருக்குச் சந்தேகம். அப்படியானால் ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டும். அது எலும்பையும் சர்க்கரையையும் என்ன செய்யும் என்பதையும் சொன்னார். அந்த நேரத்தில் அப்படி என்ன செய்கிறார் என்று என் மனைவியிடம் கேட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தோம். அவள் என்னைப் பார்க்காமல், பிராணாயாமம் செய்வார் டாக்டர் என்றாள்.

நான் ஒரு நாளும் பிராணாயாமம் செய்தவன் இல்லை. அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் கேட்கவும் இல்லை. என் மானத்தைக் காப்பாற்றுவது அவள் வேலை என்று எனக்கு அவ்வளவு பழகிப் போயிருந்தது. மருந்தைக் கூட்டுவதா என்று ஒரு வாரம் பார்த்து முடிவு செய்யலாம் என்றார் டாக்டர்.

அந்த வாரம் முடிகிற நாளன்று காப்பி ஆறிப் போய் வந்தது. என் மனைவி எனக்கு முதுகு துடைத்துவிட்டு, படுக்கை விரிப்பை மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு போட்ட காப்பி. ஆறியதற்குக் காரணம் நான்தான். ஆனால் அந்த நேரத்தில் அது யாருக்கு வேண்டும்? பகல் முழுக்க என்னைக் கவனித்துக்கொள்ளும் ஆயா ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் அவளை மாஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடுவோம். மாஷி பார்க்கிறாளே என்று முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். சமையலில் தொடங்கி மனைவியின் பிறந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

"உங்கப்பா உன்னை என் தலையில கட்டிட்டு நிம்மதியாப் போய்ச் சேர்ந்துட்டார். இங்க மூச்சுக்குத் தவிக்கறவன் நான்."

மூச்சு வாங்கியது. நிறுத்தினேன். அப்போது எதிர்ச் சுவரிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. தமிழில் வந்தது.

"அங்கிள், நீங்க ஆன்ட்டியத் திட்டும்போதுதான் மூச்சு ஏறுது. இன்னிக்கு நான் டாக்டருக்கு ரிப்போர்ட் எழுதணும். வியாதியால ஏறுதுன்னு எழுதவா?"

அதில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. அவளுக்கு வேலை ஆக வேண்டும், அவ்வளவுதான். நான் எதிர்ச் சுவரைப் பார்க்க முடியாமல் என் கால் விரல்களைப் பார்த்தேன். இத்தனை வாரமாக நான் பேசிய ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. மருந்து எடுத்துத் தர நேரமானபோது சொன்னது, என் மனைவியின் இடுப்பு வலியைப் பற்றிச் சொன்னது, அவள் தம்பியைப் பற்றிச் சொன்னது. எல்லாவற்றையும் யாரோ ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். துணியில்லாமல் தெருவில் நிற்பவன்போல இருந்தேன்.

மாஷிக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன சொல்கிறார்கள் என்று வங்காளியில் கேட்டாள். சுத்தமான வங்காளி பேசும் நான் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன். மருந்து சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார்கள் மாஷி என்று என் மனைவிதான் பதில் சொன்னாள். அப்போதும் அவள்தான்.

இருமல் என்று எழுதச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் இனி என்னை எப்படிக் கூப்பிடுவார் என்பதுதான் அந்தக் கணத்தில் என் கவலை. பிறகு மாஷி காதிலும் விழும்படி, ஆனால் அவளுக்குப் புரியாத அதே தமிழில் சொன்னேன்.

"நான் ஆத்துக்காரியைத் திட்டறதாலன்னே எழுதிக்கோம்மா."

சரி அங்கிள் என்றாள். குரல் நின்றுவிட்டது.

மாஷி துணிகளை அடுக்க உள்ளே போனதும், அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியும் என்று உனக்குத் தெரியுமா என்று மனைவியிடம் கேட்டேன். தெரியும் என்றாள். கேமரா வைத்த முதல் வாரமே, நான் தூங்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் அவளிடம் தமிழில் பேசினாளாம். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, இங்கே பக்கத்தில் சாந்த்ராகாச்சியில் வீடு, வீட்டில் தமிழ்தான் என்றாளாம். அதற்குப் பிறகு நான் கண் அசரும் மத்தியானங்களில் இரண்டு பேரும் கொஞ்சம் பேசிக்கொள்வார்களாம்.

எனக்கு மறுபடி கோபம் வந்தது. அந்த நிலையிலும் வந்தது என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. "என்கிட்ட ஏன் சொல்லலை?" என்றேன்.

அவள் ஆறிய காப்பித் தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டாள். என்னைப் பார்த்துதான் சொன்னாள்.

"சொல்லியிருந்தா அன்னிக்கே வாயை மூடிண்டிருப்பேள். நம்ம பொண்ணைத் தவிர, புரிஞ்சுக்கற யார் காதுலயும் நீங்க திட்டறது விழுந்ததே இல்லை. இன்னும் ஒருத்தி காதுலயாவது விழட்டும்னு இருந்தேன்."