ஐம்பத்து நான்கு சென்டிமீட்டர்

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்கு ஊரின் முக்கால்வாசி சமையலறைகள் அத்துப்படி. எந்த வீட்டில் மாத்திரை அட்டையை முட்டைத் தட்டில் செருகி வைக்கிறார்கள், எந்த வீட்டில் கதவைச் சாத்தாமலே நின்று யோசிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். அவருடைய சமையலறைக்குள் இன்னொரு ஆள் நுழைந்துதான் இரண்டு வருஷம் ஆகிறது. மனைவி இறந்த முதல் மாதம் சொந்தக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். பிறகு அவரவருக்கு அவரவர் பாடு.

ஹாலில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை அவருடைய கயாக் கிடக்கிறது. ஒரே ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒல்லியான படகு. அதைத் தாண்டித்தான் படுக்கையறைக்குப் போக வேண்டும். “உங்க அக்கா இருந்திருந்தா ஒண்ணு இது வெளிய போயிருக்கும், இல்ல நான் போயிருப்பேன்” என்று மச்சினனிடம் ஒருமுறை சொன்னார். மச்சினன் சிரிக்கவில்லை. அதோடு அந்தப் பேச்சை அவர் எடுப்பதில்லை.

மச்சினன் பஸ் டிரைவர். மனைவிக்கு ஒரே தம்பி. இருவரும் ஏரியில் நடக்கும் ஜோடி மீன்பிடிப் போட்டியில் ஓர் அணி; வருஷத்துக்கு நாலு போட்டி, அந்த நாலு நாள்தான் அவர்கள் பார்த்துக்கொள்வது. அணி என்று பெயர், அவ்வளவுதான். தண்ணீரில் இறங்கிவிட்டால் ஆளுக்கொரு படகு, ஆளுக்கொரு திசை. காலை ஆறிலிருந்து இரண்டு மணிவரை மச்சினன் அவருக்குத் தூரத்தில் அசையும் ஒரு மஞ்சள் கோடு. இவர் தூண்டிலைப் பார்ப்பதில் பாதி நேரம் அந்தக் கோட்டைப் பார்ப்பார்.

பிடித்த மீன் யாருக்கும் சொந்தமில்லை. அளவுப் பலகையில் கிடத்தி, போட்டோ எடுத்து, உயிரோடு விட்டுவிட வேண்டும். அன்று காலையில் தருகிற எண் அட்டையும் அதே போட்டோவில் தெரிய வேண்டும். போன வருஷத்து மீனை இந்த வருஷம் காட்டுகிற கெட்டிக்காரர்களும் உண்டே. இருவர் மீனிலும் நீளமான ஐந்தைக் கூட்டினால் அணியின் கணக்கு.

அந்த வருஷத்தின் கடைசிப் போட்டியன்று, படகை வண்டியிலிருந்து இறக்கும்போது மச்சினன் விஷயத்தைச் சொன்னான். டிப்போவில் ஒரு கண்டக்டர் ஜோடி சேரக் கேட்கிறாராம். நல்ல படகு வைத்திருக்கிறாராம். முதல் எட்டு இடத்துக்குள் வருகிற ஜோடிகளுக்கு அடுத்த வருஷமும் இடம் உறுதி, ஆனால் ஜோடியை மாற்றக் கூடாது என்பது விதி.

“எட்டுக்குள்ள வந்தா நாமளே போவோம் அத்தான். வரலேன்னா நான் அவரோட போறேன்.”

அதில் கோபமோ கொஞ்சலோ இல்லை. பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னான். மெக்கானிக், அந்தக் கண்டக்டர் படகு மிதித்து ஓட்டுவதா, துடுப்புப் போடுவதா என்று விசாரித்தார். மிதிப்பதுதானாம். அப்படியென்றால் தூண்டிலுக்குக் கை சும்மா இருக்கும், நல்லதுதான் என்றார்.

மதியத்துக்குள் மச்சினன் மூன்று பிடித்துவிட்டான். இவர் ஒன்று, அதுவும் விரல் நீளத்துக்குச் சற்று மேல். ஒன்றரை மணிக்கு நாணல் ஓரத்தில் தூண்டில் வளைந்தது. படகே திரும்பிற்று. பத்து நிமிஷம் அவரை இழுத்துக்கொண்டு போய், பிறகு களைத்து, பச்சை முதுகோடு மடிக்கு வந்தது. பலகையில் கிடத்தினார். வாய் முனையைத் தொட்டது, வால் ஐம்பத்து நான்கில் நின்றது. அந்த வருஷம் அந்த ஏரியில் யாரும் அந்த அளவு பார்த்ததில்லை.

இடது கையால் மீனை அமுக்கிக்கொண்டு, வலது கையால் போனைப் பிடித்தபடி நிமிர்ந்தார். மஞ்சள் கோடு அசையாமல் இருந்தது. பார்க்கிறானா? ஒரு தரம் துடுப்பைத் தூக்கிக் காட்டமாட்டானா? அங்கே பார்த்துக்கொண்டே பொத்தானை அமுக்கினார். மீன் துள்ளியது, நழுவியது, போயிற்று. அதற்கப்புறம்தான் போட்டோவைப் பார்த்தார். மீன் இருந்தது, அளவு இருந்தது. மணிக்கட்டில் கட்டியிருந்த எண் அட்டை உள்பக்கமாகத் திரும்பி, நாடா மட்டும் தெரிந்தது.

விடுமுன் போட்டோவைப் பார் என்று ஒவ்வொரு போட்டியிலும் மச்சினனுக்கு மூன்று தடவை சொல்லுகிறவர் அவர்.

மிச்சமிருந்த கால் மணியில் ஒன்றும் கடிக்கவில்லை. கரையில் நடுவர் போட்டோவைப் பெரிதாக்கி, சின்னதாக்கிப் பார்த்தார். தனக்கே வருத்தமாக இருக்கிறது, ஆனால் எண் இல்லையே என்றார். பதினோராவது இடம். அந்த மீன் சேர்ந்திருந்தால் ஐந்தாவது.

மச்சினன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வண்டியில் கயிற்றை இறுக்கிக்கொண்டே கேட்டான்.

“அப்படி எங்கதான் பாத்தீங்க?”

“உன்னத்தான்.”

மச்சினன் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினான்.

“நான் தூண்டில் நரம்புல ஒரு சிக்கலைப் பிரிச்சிட்டிருந்தேன் அத்தான். கவனிக்கல.”

“பரவால்ல.” மெக்கானிக் பக்கத்து முடிச்சைச் சரிபார்த்தார். சரியாகத்தான் இருந்தது. “போட்டி இல்லேன்னாலும் வீட்டுக்கு வாயேன்.”

“அக்கா இல்லாத வீட்டுக்கு வர எனக்குக் கால் வரல.” அவன் அவரைப் பார்க்காமல் சொன்னான். “நீங்க வாங்க. ஆனா போன் பண்ணிட்டு வாங்க, எனக்கு ஷிப்ட் மாறும்.”

போன் பண்ணிவிட்டு வாருங்கள் என்பதற்கு என்ன பொருள் என்று அவருக்குத் தெரியும். வாடிக்கையாளர்களிடம் அவரே அப்படிச் சொல்லித்தான் நழுவுவார். இரண்டு வாரம் பண்ணவில்லை. மூன்றாவது வாரம், ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜைப் பின்பக்கம் திருப்பிப் போட்டுவிட்டு, கேஸ் ஏறும்வரை காத்திருந்த நேரத்தில் பண்ணினார்.

“சொல்லுங்க அத்தான்.”

மீனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வேறு என்ன பேசுவதென்று அவர் யோசித்து வைத்திருக்கவில்லை.

“என்ன பண்றே?”

“டிப்போல நிக்கிறேன். வண்டி வரணும்.”

“ம்.”

அந்தப் பக்கம் ஒரு இன்ஜின் உறுமி அடங்கியது. இந்தப் பக்கம் வீட்டுக்காரம்மா, முடிந்ததா என்று எட்டிப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்று அவருக்குக் கையால் காட்டிவிட்டு, மெக்கானிக் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அவனும் போனை அணைக்கவில்லை.