பெத்தாய் மரத்தின் தங்கை

எனக்கு எழுபத்தாறு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தவள். மலையூரான பிரிஞ்சாங்குக்குப் போகும் வழியில், தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஒரு சாலையோரக் கடையில் வண்டி நிற்கிறது. உயர்ந்த காட்டு மரத்தில் காய்க்கும், அவரை மாதிரி நீண்ட பச்சைப் பெத்தாய்க் காய்கள் விற்பனைக்குக் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. காலடியில் தொட்டாற்சிணுங்கி பூத்திருக்கிறது.

"இது ஒங்க பெத்தாய் மரத்துக்குத் தங்கச்சி" என்று அந்தச் செடியைக் காட்டுகிறேன்.

கடைக்காரி அஞ்சலை சிரிக்கிறாள். "அது வானத்தத் தொடுது, இது கால்ல மிதிபடுது. நிரூபிச்சா ஒரு கொத்து சும்மா தரேன் பாட்டி. இல்லாட்டி என் கடைய நீங்கதான் கூட்டணும் லா."

என் மூத்தவன் நிலைப்படியில் தலை இடிப்பான், கடைசி மகள் என் தோளுக்குத்தான் வருவாள். உயரத்தில் உறவு தெரியாது. பெத்தாய்க் கொத்தைத் தூக்கிக் காட்டுகிறேன்: எல்லாக் காய்களும் ஒரே உருண்டையிலிருந்து தொங்குகின்றன. செடியிலும் பூ உதிர்ந்த உருண்டையில் குட்டிக் காய்கள் கொத்தாக நிற்கின்றன.

அஞ்சலை இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்க்கிறாள். பிறகு இருப்பதிலேயே பெரிய கொத்தை அவிழ்க்கிறாள். "எடுத்துக்குங்க. இனிமே இத மிதிக்கவே பயமா இருக்கு லா."

ஓடும் வண்டியில், சிரித்துக்கொண்டே இதையெல்லாம் எழுதுகிறேன். எழுத்து மலைப்பாதை மாதிரி வளைகிறது. பக்கத்தில் பேத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

"கவிதா, இதப் படிச்சுக் காட்டு. நான் ஜெயிச்ச எடத்த ரெண்டு தடவ படி."