தடுப்புக் கட்டையின் கீழே ஒரு மணி நேரம்

நண்பரே, நீங்கள்தான் சாட்சி. வேறு எவரையும் நான் அழைக்கப்போவதில்லை. அழைத்தால் எல்லோரும் என் தோழன் தினேஷின் பக்கம் பேசிவிடுவார்கள். சென்ற ஞாயிறு காலை, கோலகுபு பாரு ஊரைத் தாண்டி, அணைக்கட்டின் நீர்ப்பரப்பைச் சுற்றிக்கொண்டு மலையேறும் பழைய சாலையில், காட்டுப்பாதை தொடங்கும் இடத்தில் நாங்கள் இருவரும் நின்றிருந்தோம். மலையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிறு நீங்களும் குடும்பத்தோடு வந்து வண்டியைக் குறுக்கே நிறுத்துவீர்கள். ஏற்கெனவே அங்கே இடமில்லை. பாதையின் முகப்பில் பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள். அவர்களில் ஒருவன், கைக்குழந்தையை ஏந்துவதுபோல், ஓர் ஒலிபெருக்கிப் பெட்டியை மார்போடு அணைத்திருந்தான். அதிலிருந்து குத்துப்பாட்டு. அந்தக் காட்டில் ஒரு சில்வண்டுகூடத் தன் கருத்தை முன்வைக்க வழியில்லை.

எனக்கு வந்த எரிச்சலை நீங்கள் மன்னிக்க வேண்டும். பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை விவாத மேடையில் வளர்ந்தவன் நான். முதல் மணி அடித்ததும் தொகுக்கவும் இரண்டாம் மணிக்கு முடிக்கவும் பழகியவன். எதிரணியின் வாதத்தை மூன்றாகப் பிளந்து மூன்று விரல்களில் எண்ணிக் காட்டுபவன். அந்த மூன்று விரல்களையும் உயர்த்தியபடியே முன்னேறினேன். தினேஷ் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "வேணாம் லா, விடு" என்றான். அதன்பின் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் சவர்க்கார வாடை குறுக்கே வந்துவிட்டது.

அந்த வாடை தினேஷின் காலுறையில் இருந்து வந்தது. அட்டை ஏறாமலிருக்க, துணி துவைக்கும் கட்டிச் சவர்க்காரத்தை நனைத்துக் காலுறை முழுக்கத் தேய்த்துக்கொள்வான். மழை பெய்தால் அடிக்கு அடி நுரை பொங்கும், பார்க்கச் சகிக்காது. எட்டு ஆண்டுகளுக்கு முன், இதே மலைக்கு நாங்கள் முதன்முதல் வந்தபோது, சவர்க்காரத்தை நான் மறுத்தேன். அட்டையின் வாயை அது அடைக்கும் என்பதற்குச் சான்று ஏது என்று பிரிக்பீல்ட்சில் வண்டியேறும்போது தொடங்கிய கேள்வியை அணைக்கட்டு வரை நீட்டினேன். அன்று என் காலில் பதினோரு அட்டைகள். தினேஷின் காலில் ஒன்றுமில்லை. அவன் ஒன்றும் சொல்லவுமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று நாங்கள் காட்சி பார்க்கப் போகவில்லை. தினேஷின் அப்பா மணியம் அங்கிளுக்காகப் போனோம். கிள்ளானில் இருப்பவர், முப்பது ஆண்டுகள் அந்தச் சாலையில் மரக்கட்டை லோரி ஓட்டியவர். அவருடைய காதுக்குள் ஏதோ நோய். கேட்கும் திறனும் குறைந்துகொண்டிருந்தது, தலைசுற்றலும் இருந்தது. ஆயிரம் தடவை ஏறிய வளைவுகளில் இனி அவரால் பயணியாகக்கூட ஏற முடியாது. மிச்சமிருக்கும் செவியும் சில மாதங்களில் போய்விடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்த மலைக்குக் கீழ தடுப்புக் கட்ட போட்டிருப்பான்ல, அங்கதான்டா லோரி எஞ்சின ஆஃப் பண்ணுவோம். அப்பத்தான் அந்தப் பறவ கேக்கும். மொதல்ல டொக்கு, டொக்குனு மரம் வெட்ற மாதிரி. அப்புறம் கிறுக்குப் புடிச்ச மாதிரி ஒரு சிரிப்பு. நான் ஏத்திக்கிட்டுப் போறதே அது வீட்டத்தான், பின்ன சிரிக்காம? காது போறதுக்குள்ள அந்தச் சிரிப்ப ஒரு வாட்டி கேட்டுட்டாப் போதும்டா."

தினேஷ் கைப்பேசியில் அதைப் பதிவுசெய்து வருவதாகச் சொன்னான். துணைக்கு என்னை அழைத்தான். அவன் வாழ்க்கையில் செய்த பெரிய தவறு அது.

தடுப்புக் கட்டையைப் பற்றி நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். உச்சிக்குப் போகும் சாலை ஒரு வண்டி அகலம்தான். ஆகவே ஒரு மணி நேரம் ஏறுவோருக்கு, அடுத்த ஒரு மணி நேரம் இறங்குவோருக்கு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஏறும் நேரம் முடியும் தறுவாய். கட்டையைப் பாதி இறக்கியிருந்த காவலர், ஒரு மலாய்ப் பெரியவர், எங்களைக் கண்டதும் கையை வேகமாக வீசி, "செப்பாட், செப்பாட்!" என்றார். சீக்கிரம் போ என்று பொருள். நானோ, தாமதமாக வந்ததற்காக அதட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். கண்ணாடியை இறக்கினேன், அது போதாதென்று கதவையும் திறந்து இறங்கினேன். நாங்கள் தாமதமாக வரவில்லை என்பதைத் தூய மலாயில், மூன்று விரல்களில் நிறுவினேன். இரண்டாம் விரலில் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாம் விரலில் கட்டை இறங்கியது.

"ஹாபிஸ், டெக். துங்கு லா" என்றார் பெரியவர், சற்றும் கோபமில்லாமல். முடிந்தது தம்பி, காத்திரு.

"அவரு நம்மள விடத்தான்டா பாத்தாரு" என்றான் தினேஷ்.

வாதத்தில் நான் வென்றிருந்தேன். கட்டைக்கு இந்தப் பக்கம் நின்றபடி வென்றிருந்தேன்.

ஆனால் பாருங்கள், அந்த ஒரு மணி நேரத்தில்தான் அது நிகழ்ந்தது. எஞ்சினை நிறுத்தியாயிற்று. வேறு வண்டி இல்லை. சூடேறிய பிரேக்கின் வாடை மெல்லத் தணிந்து, ஈர இலையின் வாடை மேலெழுந்தது. பள்ளத்தாக்கின் மறுபக்கத்திலிருந்து ஒரு சத்தம்: டொக். நெடிய இடைவெளி. மறுபடி, டொக். தினேஷ் கைப்பேசியை நீட்டினான், மூச்சைக்கூட நிறுத்திவிட்டான். வெட்டுச் சத்தம் நெருங்கியது, விரைந்தது. இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? வாயை மூடிக்கொண்டிருப்பீர்கள். நான் விளக்கவுரை ஆற்றினேன்.

"மச்சான், மலாய்க்காரங்க இதுக்கு ஒரு கத சொல்வாங்க. மாமியாரப் புடிக்காத மருமகன் ஒருத்தன், அவங்க உள்ள இருக்கும்போதே வீட்டத் தாங்குற மரக் காலையெல்லாம் கோடாலியால வெட்டிச் சாச்சுட்டு நின்னு சிரிச்சானாம். அவன்தான் இந்தப் பறவையாயிட்டான்…"

கிசுகிசுத்ததாகத்தான் நினைத்தேன். ஆனால் மேடைப் பயிற்சியில் எங்களுக்குக் கற்றுத்தந்த கிசுகிசுப்பு கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டியது. நான் கதையை முடித்தபோது பறவையும் சிரித்து முடித்திருந்தது.

அன்று மாலை கிள்ளானில், மணியம் அங்கிள் கைப்பேசியை, இன்னும் கேட்கும் வலக்காதில் அழுத்திக்கொண்டு கேட்டார். "யாருடா இது, ரேடியோவுல செய்தி வாசிக்கிறவனா?" என்றார். மறுபடி ஓட்டச் சொன்னார். "பறவ எங்கடா?" மூன்றாம் முறையும் கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்தார். "பரவால்ல விடு. கத நல்லாத்தான் இருக்கு" என்றார். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் மறுப்புரையாவது ஆற்றியிருப்பேன்.

அதன்பின் நான்கு முறை போனோம். ஒருமுறை மழை; ஒருமுறை மூடுபனி; இரண்டு முறை எல்லாம் சரியாக இருந்தும் பறவை வாய் திறக்கவில்லை. ஐந்தாம் முறைக்கு நாள் குறிப்பதற்குள் அங்கிளின் வலக்காதும் போய்விட்டது. இப்போது சாலையை அகலப்படுத்தி இருவழியாக்கிவிட்டார்கள். தடுப்புக் கட்டை இல்லை, காவலரின் சிறு கொட்டகை இல்லை. அந்த இடத்தில் எவரும் எஞ்சினை நிறுத்துவதில்லை. நிறுத்தக் காரணமும் இல்லை. ஆண்டுக்கொரு முறை தினேஷ் மட்டும் சவர்க்காரம் தேய்த்த காலுறையோடு போய், கைப்பேசியை நீட்டிக்கொண்டு நிற்கிறான். கேட்கவே முடியாத அப்பாவுக்கு எதற்கு என்று நான் கேட்டதில்லை. எதையும் கேட்காமல் விடாத நான், அதை மட்டும் கேட்டதில்லை.

இனி, சென்ற ஞாயிறு. இம்முறை நானும் அவனோடு போயிருந்தேன். பெட்டி வைத்திருந்தவன் முன் போய் நின்றேன். காட்டின் மௌனம் எவருக்கும் தனிச்சொத்தல்ல என்று தொடங்கினேன். செவியின் உரிமை, பறவையின் உரிமை, பொதுவெளியின் நெறி: மூன்று விரல்களும் மடங்கின. முத்தாய்ப்பு வைத்துவிட்டுக் கைதட்டலுக்கு இடம்விடுவதுபோல் நிறுத்தினேன். அந்தப் பையன் மரியாதையாகச் சொன்னான்:

"அண்ணே, நாங்க அப்பவே ஆஃப் பண்ணிட்டோம். இப்ப நீங்க மட்டுந்தான் சத்தமா இருக்கீங்க லா."

திரும்பிப் பார்த்தேன். பள்ளத்தாக்கை நோக்கி நீட்டிய கைப்பேசியோடு தினேஷ் நின்றிருந்தான். "மொத வார்த்தைக்கே நிறுத்திட்டாங்கடா" என்றான். பறவை அப்போது சிரித்ததோ இல்லையோ, எவருக்கும் தெரியாது.

மாலையில் கிள்ளானுக்குப் போனோம். அங்கிள் எங்கள் முகங்களைப் பார்த்தே புரிந்துகொண்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்ததும் கையை உயர்த்தினார். "நீ வேகமாப் பேசறடா. ஒவ்வொரு வார்த்தையா, வாய நல்லாத் தொறந்து சொல்லு. ஒதட்டப் பாத்தாத்தான் எனக்குப் புரியும்."

ஆகவே அவர் எதிரில் உட்கார்ந்து, மேடையில்கூடக் காட்டாத நிதானத்தோடு, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக உரக்கச் சொன்னேன்:

"அங்கிள். இனிமே. அந்தக் காட்டுல. நான். வாயத் தொறக்க. மாட்டேன்."