படுத்தபடி போட்ட மோட்டார்

சில மாதங்களாக எனக்கு விடியற்காலை நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. சும்மா கிடக்க முடியாமல், படுக்கையிலிருந்தே செல்போனில் தோட்டத்து மோட்டாரைப் போட்டுவிட்டு, நேரத்தை டைரியில் குறிப்பேன்.

அன்றும் போட்டுவிட்டு டைரியைத் திறந்தேன். முந்தைய நாள் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது: 'நாளை விடியுமுன் தம்பி மோட்டார் ஒயர் மாற்றுகிறான்.'

உடனே செல்போனிலேயே மோட்டாரை நிறுத்தினேன். தம்பி போனை எடுக்கவில்லை. வரப்பில் விழுந்தெழுந்து ஓடினேன். மோட்டார் ரூமில் டார்ச் தரையில் எரிந்துகொண்டிருந்தது, ஆளைக் காணோம்.

"சாமீ!" என்று அலறினேன்.

"ஏனுங்கண்ணா, இப்படி ஓடியாறீங்க?" பின்னாலிருந்து தம்பி ஒயரோடு வந்தான். கரண்ட் வராமலிருக்கக் கழற்றிய பீஸ் கட்டைகள் அவன் சட்டைப்பையில் இருந்தன. "உங்களுக்குத்தான் தூக்கமே வராதுங்களே! அதான் மொதல்ல இதைப் புடுங்கிட்டேன்."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இப்போது இரவில் செல்போனை டைரிக்கு அடியில் வைக்கிறேன். எத்தனை மணிக்கு விழித்தாலும், முந்தைய நாள் பக்கத்தைப் படித்த பிறகே அதை எடுக்கிறேன்.