காட்டிக்கொடுத்த பாயல்

எங்கள் அப்பாவுக்கு ஜென்ம விரோதி யாரென்றால், பாயல்தான். ஆகாயத்தாமரையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். தோவாளைச் சந்தைக்குத் தாமரைப்பூ அனுப்ப அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த குளத்தில், பூவைவிட அதுதான் செழித்து வளர்ந்தது. வாரந்தோறும் வாரிக் கரையில் எறிவார்; மறுவாரம் பழையபடி நிற்கும். ஆகவே, ஜீப்பில் வந்த ஓர் ஆராய்ச்சிக்கார அக்கா நாலைந்து செடிகளை வேரோடு கேட்டபோது அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"எல்லாத்தையும் அள்ளிட்டுப் போங்க மேடம்," என்றார்.

எதற்கென்று அவள் விளக்கினாள். பூமிக்கடியில் உலோகம் இருந்தால் கொஞ்சம் தண்ணீரில் கரையுமாம். இந்த வேர் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளுமாம். வேரைச் சோதித்தால் அடியில் இருப்பது தெரிந்துவிடுமாம். எட்டு வயதான எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. அப்பா சும்மா தலையாட்டினார்.

ஒரு மாதம் கழித்து அக்கா திரும்பி வந்தாள். படித்துறை ஓரத்துச் செடிகளில் மட்டும் செம்பு அதிகம், குளத்தை வற்றவைத்துத் துளைபோட்டுப் பார்க்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதப்போகிறேன் என்றாள். அப்பா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் சோறும் என் பள்ளிக்கூடமும் அந்தத் தாமரையில்தான் இருந்தன.

காப்பி கொண்டுவந்த அம்மா, டம்ளரை நீட்டியபடியே சொன்னாள்: "செம்பு இல்லாம பின்ன? அந்தப் படியிலதான நான் தெனமும் வெண்கல உருளியப் புளி போட்டுத் தேய்க்கேன்."

அக்கா நெற்றியில் தட்டிக்கொண்டாள். வெண்கலத்தில் பெரும்பங்கு செம்புதானே, புளி பட்டால் கரையத்தானே செய்யும் என்று தனக்குத்தானே சொல்லியபடி நோட்டில் எழுதியிருந்த எதையோ அடித்தாள்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எங்கள் வீட்டில் இருந்ததெல்லாம் அலுமினியப் பானையும் மண்சட்டியும்தான். அம்மாவோ சர்ச்சில் ஓய்வுநாள் பள்ளி டீச்சர். பொய் சொல்லக்கூடாதென்று ஞாயிறுதோறும் எங்களுக்குப் பாடம் நடத்துகிறவள். நான் வாயைத் திறக்கப்போனேன். அம்மா என் தொடையைத் திருகினாள்.

அக்கா காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள். அந்த ஜீப் பிறகு எங்கள் பக்கம் வரவே இல்லை.

"ஏம்மா, நம்ம வீட்டுல உருளி ஏது?" என்று கேட்டேன்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "இனிதான் மக்கா வாங்கணும்."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எனக்கு விளங்கியதெல்லாம் வீட்டுக்குப் புதுப் பாத்திரம் வரப்போகிறது என்பதுதான். அந்தச் சந்தோஷத்தில் தெருவெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், எங்கள் வீட்டில் முதன்முதலாக உருளி வாங்கப்போகிறோம் என்று.